நாள் 36: கொட்டிய ஒரு லிட்டர்

டைலர்ஹார்ஸ் பள்ளத்தாக்கில் ஒரு பாறையின் நிழலில் படுத்துக்கொண்டு இதைத் தட்டுகிறேன். நிழல் நகர நகர நானும் பையோடு நகர்கிறேன். சிக்னல் கிடைக்கும்போது ஏறட்டும். நேற்று மாலை ஆறு மணிக்கு ஹைக்கர்டவுனில் கிளம்பி இன்று காலை பத்தரைக்கு இங்கே வந்து விழுந்தேன், கணக்குக்கு 24 மைல், கிட்டத்தட்ட 39 கிலோமீட்டர். நடுவில் மூன்று மணி நேரம் தூங்கினோம், கண்ணில் மண் விழுந்துகொண்டே இருப்பதைத் தூக்கம் என்று சொல்லலாம் என்றால். நாள்காட்டிக்கு இது இரண்டு நாள், எனக்கு ஒன்றுதான், அதனால் ஒரே பதிவு.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் நடப்பது பசிபிக் கிரெஸ்ட் டிரெயில். மெக்சிகோ எல்லையில் காம்போ என்ற சின்ன ஊரில் தொடங்கி கலிபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் என்று தெற்கு வடக்காக ஏறிக் கனடா எல்லையில் முடிகிற 2,650 மைல் பாதை. முதல் 700 மைலுக்குப் பாலைவனம் என்று பெயர், ஆனால் அதில் பாதிக்கு மேல் மலைதான். சான் ஹசிந்தோ மலையில் பனியில் வழுக்கி உட்கார்ந்தபடியே பத்தடி போனதை எழுதியிருந்தேன், அதுவும் இந்தப் 'பாலைவன'த்தில்தான். படத்தில் பார்க்கிற மாதிரி தட்டையாக, நிழலே இல்லாமல், கண்ணுக்கெட்டிய வரை யோஷுவா மரங்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மொஹாவி பாலைவனத் தரை என்றால் அது நேற்று நடந்த இந்தத் துண்டுதான். மலை முகட்டோடேயே போயிருக்க வேண்டிய பாதை, மேலே பெரிய தனியார் பண்ணை குறுக்கே கிடப்பதால் கீழே இறங்கி வெயிலில் சுற்றிக்கொண்டு போகிறது. வேறு வழியில்லை, நடக்கிறோம்.

பகலில் இங்கே நடப்பது மடத்தனம். அதனால் எல்லோரும் ஹைக்கர்டவுனில் பகலைக் கழித்துவிட்டு இரவில் கிளம்புவது வழக்கம். அது ஊரே இல்லை, நெடுஞ்சாலை ஓரத்தில் பழைய கௌபாய் சினிமா செட் மாதிரி மரக் கொட்டகைகள் போட்ட ஒரு வளாகம். 'வங்கி', 'தபால் நிலையம்' என்று பலகை மாட்டிய கொட்டகைகளுக்குள் நாறுகிற காலுறைகளோடு நாங்கள் படுத்துக் கிடந்தோம். நிழலிலேயே 36 டிகிரி.

நாங்கள் என்றால் நாலு பேர். சேர்ந்து நடக்கிற கூட்டத்தை இங்கே டிராமிலி என்கிறார்கள், டிரெயிலையும் பேமிலியையும் ஒட்டவைத்த சொல். எனக்கு அது வாயில் வராது, நம்ம செட்டு என்று வைத்துக்கொள்ளலாம். பாதையில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. போஸ்ட்மேன் நிஜமாகவே தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், 62 வயது, ஓரிகன்காரர், முப்பது வருஷம் நடந்தே கடிதம் போட்ட கால்கள். டிக்-டாக் ஜெர்மன்காரி, மருத்துவமனை நர்ஸ், அவள் கைத்தடி இரண்டும் கடிகாரம் மாதிரி ஒரே சீராகத் தட்டும், அதனால் அந்தப் பெயர். சூப் கொரியாக்காரப் பையன், ராணுவச் சேவை முடிந்த கையோடு இங்கே வந்துவிட்டான், மூன்று வேளையும் நூடுல்ஸ். நான் பிக்கிள். முதல் வாரம் எலுமிச்சை ஊறுகாயைக் கண்ணாடி ஜாடியோடு சுமந்த ஒரே ஆள் நான்தான் என்பதால் வந்த பெயர், ஜாடி போய் பாக்கெட் வந்த பிறகும் மாறவில்லை.

நாலு பேரில் கடைசியாக வருவது எப்போதும் நான். அவரவர் நடை அவரவருக்கு, யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்பது இந்தப் பாதையின் எழுதாத சட்டம். அதை நான்தான் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். கடைசியாக வருகிறவனுக்கு அந்தச் சட்டம் ரொம்ப அவசியம்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். ஐந்து மைலுக்கு ஒரு லிட்டர் என்பது இங்கே பொதுக் கணக்கு, வெயிலாக இருந்தால் கூடுதல். ஹைக்கர்டவுனிலிருந்து 17 மைலில் காட்டன்வுட் ஓடைப் பாலம், அங்கே ஒரு குழாய் உண்டு. குழாயில் தண்ணீர் வருகிறது என்று இந்தப் பாதைக்கான செயலியில் நாலு நாளுக்கு முன்னால் ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு அடுத்தது இந்த டைலர்ஹார்ஸ், இன்னும் ஆறரை மைல் ஏற்றம். நான் நாலு லிட்டர் பிடித்து வைத்திருந்தேன். பையைத் தூக்கிப் பார்த்தேன், நாலு நாள் சாப்பாடும் சேர்ந்து இடுப்பை அழுத்தியது. ராத்திரிதானே, குளிர்ச்சிதானே, குழாய்தான் இருக்கிறதே என்று ஒரு லிட்டரைக் குழாயடியில் இருந்த செடியின் தூரில் கொட்டிவிட்டேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று எங்கள் அப்பத்தா சொல்லும். நான் அளக்கவில்லை, ஒரு பாட்டிலைக் கவிழ்த்தேன், அவ்வளவுதான். போஸ்ட்மேன் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

வெயில் சாய்ந்ததும் கிளம்பினோம். முதலில் கலிபோர்னியா கால்வாய், வடக்கு கலிபோர்னியாவின் ஆற்று டெல்டாவிலிருந்து வருகிற திறந்த கால்வாய், சிமெண்ட் சரிவுக்குள் தண்ணீர் நிறைந்து போகிறது. தவறி விழுந்தால் அந்தச் சரிவில் ஏறி வர முடியாது. கொஞ்ச தூரம் அதன் கரை. அப்புறம் திரும்பினால் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் குழாய், பாதி மண்ணில் புதைந்த பெரிய இரும்புக் குழாய், அதன் முதுகில் ஏறி நடந்து படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் போவதில்லை. 62 வயதுக்காரர்தான் முதலில் ஏறினார். அதற்கும் அப்பால் சிமெண்ட் மூடி போட்ட பழைய வாய்க்கால், அதை ஒட்டியே மண் ரோடு, நேர்கோடு, நேர்கோடு, இன்னும் நேர்கோடு. அங்கங்கே இரும்பு மூடிகள். காதை வைத்தால் உள்ளே தண்ணீர் ஓடுவது கேட்கும் என்று சொல்கிறார்கள். சூப் கேட்டதாகச் சொன்னான். எனக்குக் காற்றுதான் கேட்டது.

இந்த வாய்க்காலைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டு வந்திருந்தேன், ஏனென்றால் எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கு இருக்கிறது. 1908-இல் தொடங்கி 1913-இல் முடித்தார்கள். ஓவன்ஸ் பள்ளத்தாக்கில், சியரா மலையின் பனி உருகி வருகிற ஆற்றைப் பிடித்து, 233 மைல் தூரம், ஒரு பம்ப்கூட இல்லாமல், சரிவை மட்டுமே நம்பி நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். பொறியாளர் வில்லியம் முல்ஹாலண்ட், அயர்லாந்துக்காரர், நம்மூர் நீர்கட்டி மாதிரி வாய்க்காலைச் சுத்தம் செய்கிற ஆளாக வேலைக்குச் சேர்ந்து மேலே வந்தவர். தண்ணீர் வந்து இறங்கிய நாளில் கூட்டத்தைப் பார்த்து 'இதோ இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்' என்று மட்டும் சொன்னாராம். அந்தப் பக்கம் ஓவன்ஸ் ஏரி சில வருஷங்களிலேயே வற்றிப் புழுதியாகிப் போனது. விவசாயிகள் 1924-இல் இந்த வாய்க்காலுக்கு வெடி வைத்தார்கள்.

நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். மேற்கே போய்க்கொண்டிருந்த பெரியாற்றை 1895-இல் அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்ட தண்ணீரில்தான் எங்கள் வயல் இரண்டு போகம் விளைந்தது. பாலார்பட்டியில் பென்னிகுவிக் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைப்பார்கள், எங்கள் வீட்டுச் சுவரிலும் அவர் படம் உண்டு, சாமி படங்களுக்குக் கொஞ்சம் தள்ளி. அதனால் மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீரை இந்தப் பக்கம் கொண்டுவந்தவர் என்றால் எனக்கு இயல்பாகவே கும்பிடத் தோன்றும். நேற்று ராத்திரி அந்தச் சிமெண்ட் மூடிகளைப் பார்த்துக்கொண்டு நடக்கும்போது அப்படித் தோன்றவில்லை. எங்களுக்கு வந்தது வயலுக்குப் போனது, இங்கே வயலில் இருந்ததை எடுத்து நகரத்துக்குக் கொடுத்தார்கள், வித்தியாசம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் இந்த வித்தியாசமெல்லாம் தெரிகிறதோ என்றும் தோன்றியது. இதை டிக்-டாக்கிடம் விளக்கப் பார்த்தேன். 'பிக்கிள், நடந்துகொண்டே குடி' என்றாள். அவளுக்கு எல்லாமே உடம்புதான்.

முல்ஹாலண்டின் கதை முடிந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் மூன்று நாளுக்கு முன்னால் கடந்து வந்தோம். சான் பிரான்சிஸ்கிட்டோ பள்ளத்தாக்கில் அவர் கட்டிய செயின்ட் பிரான்சிஸ் அணை 1928 மார்ச் 12 நள்ளிரவுக்குச் சற்று முன் உடைந்து நானூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அன்றைக்குப் பகலில்தான் அவரே நேரில் வந்து கசிவைப் பார்த்துவிட்டு ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இதைப் போஸ்ட்மேன்தான் சொன்னார், இருட்டில், என் பக்கம் திரும்பாமலே.

பத்து மணிக்கு மேல் ஒரு பாம்பு, வாலை ஆட்டிச் சத்தம் போடுகிற ராட்டில்ஸ்நேக். ரோட்டில் மிச்சமிருந்த சூட்டுக்காகப் படுத்திருந்தது. முன்னால் போன சூப்பின் காலுக்கு ஆறடி தள்ளி அந்தச் சத்தம், குழந்தைக் கிலுகிலுப்பையை யாரோ கோபத்தில் ஆட்டுகிற மாதிரி. பையன் அப்படியே கல்லாகிவிட்டான். ராணுவத்தில் கற்றுக்கொடுத்தது போல என்று நினைத்தேன், பயத்தில் கால் நகரவில்லை என்று அப்புறம் சொன்னான். மொஹாவி கிரீன் என்கிற வகை நரம்பைத் தாக்கும் விஷம் உள்ளது என்பார்கள், இது அதுவா என்று டார்ச் அடித்துப் பார்க்க யாருக்கும் ஆசையில்லை. புதர்ப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனோம். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒவ்வொரு குச்சியும் பாம்பு.

நள்ளிரவுக்கு மேல் காற்று எடுத்தது. இந்தப் பக்கமெல்லாம் காற்றாலைக் காடு, தெஹாச்சபி ஊர் வரைக்கும் நிற்கின்றன, காற்று இல்லாத இடத்தில் யார் காற்றாலை நடுவார்கள். நூற்றுக்கணக்கான சிவப்பு விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்து ஒரே நேரத்தில் அணைந்தன. எங்கள் ஊரிலும் காற்றாலை உண்டு, ஆடிக் காற்றில் சுற்றும், நாங்கள் வீட்டுக்குள்ளிருந்து பார்ப்போம். வெளியே அதற்கடியில் நடப்பது வேறு. எதிர்க்காற்று பையைப் பிடித்துப் பின்னால் இழுத்தது, மண் பல்லுக்கிடையில் நறநறத்தது, பேச வாயைத் திறந்தால் நாக்கு காய்ந்தது. குளிர்ச்சியான ராத்திரியில் குறைவாகத்தான் குடிப்போம் என்று நான் போட்ட கணக்கில் காற்று இல்லை.

பாலத்துக்கு வந்தபோது மணி இரண்டு. என்னிடம் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். நான் வந்து சேர்வதற்குள் மற்றவர்கள் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் நானும் போய்த் திருகினேன். கொர் என்று ஒரு சத்தம். இன்னும் திருகினேன். ஓடை பெயருக்குத்தான் ஓடை, மணல். காலடியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்கே தண்ணீர் போகிறது.

'எவ்வளவு இருக்கிறது உன்னிடம்?' என்று டிக்-டாக் கேட்டாள். 'போதும்' என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது வரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரந்து குடிக்க வெட்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதைவிடச் சின்னது. போஸ்ட்மேன் நான் கொட்டியதைப் பார்த்திருந்தார், அவர் முன்னால் கேட்கப் பிடிக்கவில்லை. கூடாரம் நிற்காத காற்று, பாலத்தின் சிமெண்ட் சுவரை ஒட்டி நாலு பேரும் தூக்கப்பைக்குள் தலையையும் இழுத்துக்கொண்டு கிடந்தோம். ஐந்தரைக்கு எழுந்தபோது என் காதுக்குள் ஒரு தேக்கரண்டி மணல் இருந்திருக்கும்.

ஆறு மணிக்கு ஏற்றம். ஆறரை மைலில் ஆயிரத்து எழுநூறு அடி போல உயரம், மலையேறுபவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை, முப்பத்தாறு நாள் நடந்த எனக்கும் ஒன்றுமில்லை. ஆனால் ஏழரைக்கெல்லாம் வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எட்டு மணிக்கு என்னிடம் இருந்தது இரண்டு மடக்கு. அதைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருப்பது ஒரு வேலையாக இருந்தது, பாட்டிலைப் பையின் ஓரத்திலிருந்து எடுத்துப் பார்ப்பதும், வைப்பதும். காற்றாலை இறக்கைகளின் நிழல் பாதையில் வந்து வந்து போனது, அந்த நிழல் என் மேல் விழும்போது ஒரு கணம் குளிர்வதாக நினைத்துக்கொண்டேன். தலைவலி பொட்டிலிருந்து தொடங்கிப் பின்மண்டைக்குப் போனது. ஒரு யோஷுவா மரத்தின் கீழ் நின்றேன், நிழல் என்று பெயர், கையகலம். அது மரமே இல்லை, யூக்கா வகை, இலையெல்லாம் கத்தி, சாய்ந்தால் குத்தும். அதில் சாய்ந்தேன்.

டிக்-டாக் தடிச் சத்தம் மேலிருந்து திரும்பி வருவது கேட்டது. மேலே போனவள் கீழே வருகிறாள். இந்தப் பாதையில் ஏறிய அடியை யாரும் திரும்ப இறங்கமாட்டார்கள், ஒவ்வொரு அடிக்கும் கணக்கு உண்டு.

'கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனாய்?'

'காலையில்' என்றேன்.

'நான் பத்தொன்பது வருஷமாக இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எப்போது?'

'ராத்திரி. பாம்புக்கு முன்னால்.'

அவள் திட்டவில்லை. என் பாட்டிலை உருவினாள், ஆட்டிப் பார்த்தாள், மூடியைத் திறந்து தன்னுடையதிலிருந்து ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் சூப்பும் இறங்கி வந்தான், வாயைத் திறக்காமல் அவனும் ஊற்றினான், அவனிடமே முக்கால் லிட்டர்தான் இருந்தது, நூடுல்ஸுக்கென்று வைத்திருந்தது. அப்புறம் போஸ்ட்மேன். அவர் இறங்கி வரவில்லை. மேலே ஒரு வளைவில் உட்கார்ந்திருந்தார், நாங்கள் போய்ச் சேர்ந்ததும் தன் பையிலிருந்து ஒரு முழு லிட்டர் பாட்டிலை, மூடி உடைக்காததை, எடுத்து என் மடியில் வைத்தார். 'இது ஹைக்கர்டவுனிலிருந்து உனக்கென்று சுமந்தது. என் முழங்கால் சார்பில் சொல்கிறேன், சீக்கிரம் குடி.'

எனக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன். ராத்திரியே கொடுத்திருக்கலாமே, கேட்கட்டும் என்று வைத்திருந்தாரா? நான் அதைக் கேட்டும்விட்டேன், நாக்கு அவ்வளவு தடித்திருந்தும் அதற்கு மட்டும் புரண்டது. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். 'நீ போதும் என்றாய். பெரியவன் சொல்வதை நம்ப வேண்டாமா?' என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. குடித்தேன். வெந்நீர் மாதிரி இருந்தது, பிளாஸ்டிக் வாசனை, நான் பாதிக்கு மேல் ஒரே மூச்சில் குடிக்கப் போக டிக்-டாக் பாட்டிலைப் பிடுங்கி, மடக்கு மடக்காக என்று சொல்லி, உப்புக் கரைசல் பொடியைக் கொட்டிக் குலுக்கிக் கொடுத்தாள். கூடவே ஊறுகாய் பாக்கெட்டைப் பிரிக்கச் சொன்னாள். உப்புக்கு அதைவிட மருந்து இல்லையாம். முப்பத்தாறு நாளாக என் ஊறுகாயைப் பார்த்து மூக்கைச் சுளித்தவள்.

மீதி இரண்டு மைலை நாலு பேரும் ஒன்றாக நடந்தோம், நான் முன்னால். மெதுவாக நடப்பவனை முன்னால் விட்டால் கூட்டம் பிரியாது என்று போஸ்ட்மேன் ஏற்பாடு. முதுகுக்குப் பின்னால் மூன்று பேர் என் வேகத்துக்கு நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பையின் கனத்தைவிட அது கனமாக இருந்தது, வேகமாக நடக்கப் பார்த்தேன், டிக்-டாக்கின் தடி உடனே என் குதிகாலைத் தட்டியது, மெதுவா.

டைலர்ஹார்ஸ் ஓடை விரல் தடிமன்தான். கையால் குழி தோண்டி, கலங்கல் தெளியக் காத்திருந்து, குவளையால் மொண்டு, வடிகட்டியில் பிழிந்து ஒரு லிட்டர் எடுக்கப் பத்து நிமிஷம் ஆகிறது. வடிகட்டி வேறு மண்ணில் அடைத்துக்கொண்டது. வந்ததிலிருந்து அந்த வேலையை நான்தான் செய்கிறேன், நாலு பேருக்கும், யாரும் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. இதுவரை பதினொரு லிட்டர். சூப்புக்கு முதலில் கொடுத்தேன், உடனே அடுப்பைப் பற்றவைத்துவிட்டான். பன்னிரண்டரைக்கு எனக்கு ஒன்றுக்கு வந்தது, அதை அறிவித்தேன், கைதட்டினார்கள்.

போஸ்ட்மேன் தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்திருக்கிறார். தூங்குகிறார் என்று நினைத்தேன். 'ஹைக்கர்டவுனில் எந்தச் செடி அது?' என்றார் தொப்பிக்குள்ளிருந்து. எனக்குத் தெரியாது, கவனிக்கவில்லை என்றேன். ரோஜா என்றான் சூப். இல்லை, வெறும் களை என்றாள் டிக்-டாக். அரை மணி நேரமாக இதே பேச்சுதான்.

வெயில் தாழ்ந்ததும் ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம். தெஹாச்சபி வில்லோ ஸ்பிரிங்ஸ் சாலை இன்னும் 17 மைல், நடுவில் யாராவது தண்ணீர் வைத்துவிட்டுப் போயிருந்தால் உண்டு, அதை நம்பக்கூடாது. நாலு லிட்டர் நிரப்பி வரிசையாக வைத்திருந்தேன். சற்று முன் போய்ப் பார்த்தபோது ஐந்து இருந்தது.